பழுப்புத் தாளுக்குள் ஒரு லைப்ரரி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சிறுவர் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கு எடுத்துப் போனேன். நூலகர் ஹசீனா வாங்கி வைத்துவிட்டு, “உக்காருங்க சார், கிளாஸ் ஆரம்பிச்சிடுச்சு” என்றார்.

வகுப்பு அவருக்குத்தான். செல்போனில். நூலகர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான இலவச ஆன்லைன் பயிற்சி.

இந்த மாதிரிப் பயிற்சிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வீடியோவை அணைத்துவிட்டு சாம்பாருக்குத் தாளிப்பவர்கள் உண்டு. பேசுபவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ‘சர்டிஃபிகேட் லிங்க் ப்ளீஸ்’ என்று வந்து விழும். அன்றும் விழுந்தது.

ஹசீனாவுக்கு வேண்டியது சர்டிஃபிகேட் அல்ல... அறை. “பிள்ளைங்க யாரும் லைப்ரரி பக்கமே வர்றதில்லையே டீச்சர். மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் அந்த ரூம் எனக்கு வேணும்” என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். மிரட்டல் இல்லை, இடநெருக்கடி. அறை போனால் புத்தகங்கள் மூட்டையாகி மாடிப்படிக்குக் கீழே போகும்.

வகுப்பெடுத்த பெண்மணி, ஒவ்வொருவரும் தங்கள் அலமாரியைக் காட்டச் சொன்னார். ஹசீனா பெருமையோடு போனைத் திருப்பினார்.

எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புத் தாளில் அட்டை. முதுகில் வெள்ளைத் துண்டு, அதில் ஒரு எண். எட்டு வருட விடுமுறைகளின் உழைப்பு. வருடா வருடம் ஸ்டாக் சரிபார்க்கும்போது, கிழிந்த புத்தகத்துக்கு நூலகர்தானே பதில் சொல்ல வேண்டும்?

“ஒண்ணுகூட கிழிஞ்சதில்ல மேடம்.”

பச்சைமலைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் குரல், சிக்னல் விட்டுவிட்டு வந்தது. “டீச்சர்... இது லைப்ரரிங்களா, பார்சல் ஆபீஸுங்களா?”

தாளித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மைக்கைப் போட்டுச் சிரித்தார்கள்.

வகுப்பெடுத்தவர் சிரிக்கவில்லை. “பத்து வயசுப் பொண்ணு நம்பரைப் பார்த்தா புத்தகம் எடுப்பா?” என்று மட்டும் கேட்டார்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹசீனா இணைப்பைத் துண்டித்திருக்கலாம். நெட் போய்விட்டது என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கடைசிவரை உட்கார்ந்து குறிப்பெடுத்தார். முடிந்ததும், “அந்த டிராயர்ல கத்தரிக்கோல் இருக்கும். எடுத்துத் தரீங்களா சார்?”

இருவருமாகப் பழுப்புத் தாளை உரிக்க ஆரம்பித்தோம். ஒரு ரயில் வந்தது. ஒரு யானை வந்தது. “யா அல்லாஹ், இந்தப் புலி எட்டு வருஷமா இங்கதான் இருந்துச்சா!” என்றார் ஹசீனா.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பத்திரிகையில் முதல் பக்கப் படத்துக்காக எடிட்டரோடு சண்டை போட்டே வேலை பார்த்தவன் நான். அந்த அறைக்கு அதற்குமுன் இரண்டு முறை போயிருக்கிறேன். ‘எவ்வளவு சுத்தம்!’ என்று பாராட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இலவச வகுப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கேட்பதற்கு ஒரு போன் போதும். ஆனால், கற்றுக்கொள்ள? நாம் பொத்திப் பொத்தி வைத்த அலமாரியை நாலு பேர் முன்னால் திறந்து காட்ட வேண்டும் — சிரித்த பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன வாரம் மறுபடி போனேன். மதிய உணவு இடைவேளை. தரையில் உட்காரக்கூட இடமில்லை. அந்தப் புலிக்கு மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற தலைமையாசிரியை பிள்ளைகளைத் தலை எண்ணிப் பார்த்தார், அறையைப் பற்றிப் பேசவே இல்லை. பதிலாக, மேஜைமேல் கிடந்த ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். அட்டை பாதி தொங்கியது.

“கிழிக்கிறாங்களே டீச்சர்?”

“கிழிக்கட்டும் மேடம். ஒட்டுறதுக்கும் ஒரு கோர்ஸ் இருக்கு, சேர்ந்துட்டேன். அதுவும் ஃப்ரீதான்!”