பரிசு எங்கிருந்து வந்தது

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். கண்டியில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நானும் கணவரும் யாழ்ப்பாணத்தவர்கள். ஹந்தானை மலை அடிவாரத்தில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். வேலை முடிந்து வந்தால் எனக்கு ஒரே பொழுதுபோக்கு கணினிதான். எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலச் சொல் அமைக்கும் விளையாட்டொன்றை இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு விளையாடுவேன். அந்தத் தளம் நடத்திய போட்டியொன்றில் இரண்டாவதாக வந்தேன். பரிசைக் காசாகவே அனுப்புவதாக எழுதினார்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, வகுப்புப் பிள்ளைகளுக்கு டொபி வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் வங்கியிலிருந்து அழைத்து, வந்த காசை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் பின்னாலேயே சிவில் உடையில் இரண்டு பொலிஸார் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு ஏன் காசு வருகிறது, மிஸ்?" என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

"விளையாடி வென்றேன்."

"சூதா?"

"இல்லை."

"அப்படியென்றால் யார் சும்மா காசு தருவார்கள்?"

சூது என்றால் குற்றம். சூதில்லை என்றால், அந்தக் காலத்தில் தமிழருக்கு வெளிநாட்டுக் காசு வருவது அதைவிடப் பெரிய சந்தேகம். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கணவரின் முகம் வெளிறியிருந்தது. "உந்தப் போட்டியில சேர நீர் காசு ஏதும் கட்டினனீரோ?"

"இல்லையப்பா, ஒரு சதமும் கட்டேல்லை."

நகரத்தில் கணவருக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் இருந்தார்; அலவத்துகொடைக்காரர், முஸ்லிம். போட்டி விதிகளை அச்செடுத்து வரச் சொன்னார். 'சம்மதம்' என்று நான் வாசிக்காமலே அழுத்தியிருந்த விதிகள் அவை.

"தங்கச்சி, இதில என்ன எழுதி ஈக்குது தெரியுமா? இந்தப் பரிச எடுக்கிறது ஒங்கட நாட்டுச் சட்டத்துக்குச் சரியா பிழையா எண்டு பாக்கிற பொறுப்பு ஒங்களுக்குத்தான். அவங்க கைய கழுவிட்டாங்க."

"அப்ப நான் மறியலில, சிறைக்குள்ள இருக்கவேண்டி வருமோ?"

"பொறுங்க. பந்தயக் காசு கட்டி ஆடினாத்தான் சூதெண்டு புடிக்கலாம். நீங்க கட்டல்ல. ஆனா எழுத்துகள யாரு தெரிவு செய்யிற?"

"கணினி தாறதுதான்."

"அப்ப கொஞ்சம் அதிர்ஷ்டமும் ஈக்குது. கெட்டித்தனம்தான் கூட எண்டு நாங்க காட்டணும்."

சட்டத்தரணியோடு நிலையத்துக்குப் போனோம். அங்கே அந்தக் கெட்டித்தனத்தைக் காட்டும் நேரம் எதிர்பாராமல் வந்தது. பொறுப்பதிகாரி ஒரு கடதாசியின் பின்பக்கத்தில் ஏழு ஆங்கில எழுத்துகளை எழுதி என் முன்னால் தள்ளினார். "எங்கே, ஒரு சொல் அமையுங்கள் பார்ப்போம்."

எழுத்துகள் மங்கி மங்கித் தெரிந்தன. தினமும் செய்கிற வேலை. ஒரு சொல்லும் வரவில்லை. கணவர் பக்கத்துக் கதிரையில் மூச்சுவிடாமல் இருந்தார். கடைசியில் தேநீரைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லை எழுதினேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். "இதற்கா இவ்வளவு காசு?"

அழுதுவிட்டேன். சட்டத்தரணி குறுக்கிட்டு, சேர்வதற்குக் கட்டணம் இல்லை, பரிசை விளம்பரதாரர்களே தருகிறார்கள் என்ற விதிகளைச் சிங்களத்தில் விளக்கினார். அதை உறுதிப்படுத்திப் போட்டி நடத்திய நிறுவனம் கடிதம் அனுப்பினால் பார்க்கலாம் என்றார் அதிகாரி.

சட்டத்தரணியே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார். கடிதம் வரும்வரை அடையாள அட்டை பொலிஸாரிடமே இருந்தது. அது இல்லாமல் அப்போது தெருமுனைக் கடைக்குப் போகவும் பயம். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, சோதனைச் சாவடி இருந்த பக்கத்து யன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். கணினியைத் தொடவே இல்லை.

ஒருவழியாகக் கடிதம் வந்தது. அதிகாரி அதை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசித்துவிட்டு அட்டையை நீட்டினார். நான் எழும்பும்போது, "மிஸ், கொஞ்சம் இருங்கள்" என்றார்.

"என் மகளுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அந்த விளையாட்டின் முகவரியை எழுதித் தாருங்கள்."

எழுதிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கணவர் கேட்டார்: "உண்மையாவே எழுதிக் குடுத்தனீரோ?"

"ஓம். கேட்டவர், குடுத்தனான்."

அவர் ஏரிக்கரைவரை சிரித்துக்கொண்டே வந்தார். நான் கைப்பையைத் திறந்து அட்டை இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். வங்கியும் பிறகு பணத்தை விடுவித்தது. கொஞ்சக் காலம் கழித்து மீண்டும் விளையாடத் தொடங்கினேன். பரிசு வைக்கும் போட்டிகளில் மட்டும் சேர்வதில்லை.