பொட்டு வைத்த கட்டை

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு விஜயதசமியன்று காலையில், மாமல்லபுரத்துக்குள் நுழைகிற சாலையில் நடந்தது இது. கல் சிற்பப் பட்டறைகள் வரிசையாக இருக்குமே, அந்த இடம். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் என் கை தானாகப் பின்கழுத்தைத் தடவிப் பார்க்கிறது.

நான் சாலையைப் பெருக்கும் இயந்திர வண்டிகளுக்கு மெக்கானிக். செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஷெட், சொந்த ஊர் படாளம். வீட்டில் எல்லோரும் வயலைப் பார்க்க, நான் ஒருத்தன்தான் ஸ்பேனரைப் பிடித்தேன். என்ன வேலை என்று கேட்டுவிட்டு, ரோடு பெருக்குகிற வண்டி என்றதும் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். வாயும் கொஞ்சம் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நடந்தது புரியும். பார்வைக்கு லாரி மாதிரி இருக்கும். அடியில் இரண்டு பக்கமும் வட்டமாகச் சுழலும் பிரஷ்கள் ஓரத்து மண்ணையும் குப்பையையும் நடுவே தள்ளிவிடும். நடுவில் தரையோடு தரையாக ஓர் உறிஞ்சுவாய், அதிலிருந்து மேலே போகும் தடித்த குழாய். உள்ளே ஒரு காற்றாடி சுழன்று, குப்பை அத்தனையையும் இழுத்துப் பின்னாலிருக்கும் பெரிய இரும்புப் பெட்டிக்குள் போடும். அந்தப் பெட்டிக்கு ஹாப்பர் என்று பெயர். வண்டியோடு வந்த புத்தகத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. அதை யார் சொல்வது? எங்களுக்கு பிரஷ் என்றால் மீசை, குழாய் தும்பிக்கை, ஹாப்பர் வயிறு. "மீசை தேஞ்சி போச்சி, தும்பிக்கை அடச்சிகினு கீது" என்றால் ஷெட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

வயிறு நிறைந்தால் ஹைட்ராலிக் ஜாக்கி அதை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூக்கிக் கொட்டும். தும்பிக்கை அடைத்துக்கொண்டாலும் வயிற்றைத் தூக்கிவிட்டு, அதற்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே தலையை விட்டுத்தான் அடைப்பை எடுக்க வேண்டும். ஜாக்கி எண்ணெய் அழுத்தத்தில் நிற்பது. அது கைவிட்டால் அவ்வளவு பெரிய இரும்பும் நம் தலைமேல்தான் இறங்கும். அதற்காக ஒரு தடித்த கம்பியை முட்டுக் கொடுப்போம். சேஃப்டி ராடு என்று பெயர். அது இல்லாமல் அடியில் விரல்கூட நீட்டக் கூடாது என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவி, துருப்பிடித்த இடங்களில் எல்லாம் புதுப் பெயின்ட் அடித்தோம். எங்கள் சூப்பர்வைசருக்குப் பூஜையில் ஒரு குறை இருக்கக் கூடாது. கழற்ற முடிந்ததெல்லாம் கழன்று சாமி முன்னால் வந்தாக வேண்டும். ஸ்பேனர் செட், கிரீஸ் கன், தேய்ந்து மூலையில் கிடந்த பழைய பிரஷ்கூட வந்தது. ராடையும் கழற்றித் தேய்த்து, மஞ்சள் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தோம். டிரைவர் என் கூட்டாளி, பல வருடமாக ஒன்றாகவே வண்டியில் போகிறவர்கள் நாங்கள். அவன் அதைச் சுவரோரம் நிமிர்த்தி நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தைச் செருகிவிட்டு, "பாரு மச்சான், முருகன் கையில கீற வேலு கணக்கா கீது" என்றான். நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் கும்பிட்டோம்.

சாமி முன்னால் வைத்ததை மறுநாள் பூஜை முடியும்வரை தொடக் கூடாது. கருவி பிடித்துப் பிழைக்கிற எல்லா இடத்திலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் மறுநாள் பூஜைக்கு முன்பே போன் வந்துவிட்டது. முதல்நாள் சாயங்காலம் கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி திருஷ்டி சுற்றி உடைத்த பூசணிக்காய் எல்லாம் நடுரோட்டில் கிடக்கிறது, டூவீலர்கள் வழுக்கி விழுகின்றன, லீவு நாள் கூட்டம் வேறு மாமல்லபுரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது, உடனே வண்டியை அனுப்புங்கள் என்று. சூப்பர்வைசர் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

எனக்கு ராடு ஞாபகம் வரத்தான் செய்தது. டிரைவரிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்கு மச்சான் ராடு? சும்மா ரோட்ட தொடச்சிட்டு வரப் போறோம். சாமிகிட்ட வச்சத எடுத்தா பேஜாராயிடும்" என்றான்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு தப்பு செய்கிறோம் என்கிற உறுத்தலே இல்லை. இன்று நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வளைவில் ஒரு ஸ்கூட்டர் சரிந்து கிடந்தது. அம்மாவும் மகளும். மகளுக்குப் பட்டுப்பாவாடை கிழிந்து முட்டியில் ரத்தம். அம்மா தன் கையில் வழிந்த ரத்தத்தைக் கவனிக்காமல் மகளின் முட்டியை ஊதிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. மளமளவென்று வேலையை ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் போவதற்குள் காற்றாடியின் சத்தம் மாறியது. தும்பிக்கை அடைத்துக்கொண்டது. பின்னே, பூசணித் தோல், லாரிகளில் கட்டிய வாழைக்கன்று, சாமந்தி மாலை என்று ஊர்த் திருஷ்டி முழுவதும் அதற்குள் போனால் என்ன ஆகும்?

ஒரு சிற்பப் பட்டறை வாசலில் ஓரங்கட்டினோம். ஷெட்டுக்குப் போய் ராடை எடுத்து வர நேரமில்லை. சாலையில் இன்னும் பாதிப் பூசணிக்காய் அப்படியே கிடந்தது. டிரைவர் ஹாப்பரைத் தூக்கினான். அது மேலே போய் நின்றது. நான் சட்டத்தின் மேல் ஏறி, அடியில் தலையையும் இரண்டு கையையும் விட்டு வாழை நாரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன்.

"யப்பா, முட்டு குடுக்காம உள்ள போவாத. வெளிய வா."

பட்டறைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்து நின்றிருந்தார். என் வயதோ, ஒன்றிரண்டு கூடவோ இருக்கும். கையெல்லாம் சந்தனம். பூஜைக்குத் தயார் செய்துகொண்டிருந்தார் போலிருக்கிறது.

"ஜாக்கில நிக்குதுக்கா. ஒண்ணும் ஆவாது. தெனம் பண்ற வேலைதான்" என்றேன்.

"தெனமும் முட்டு இல்லாமத்தான் பண்றியா?"

சுருக்கென்று தைத்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் வேறு திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! "யக்கா, உன் வேலையப் பாத்துகினு போ. அங்க ஜனங்க வுழுந்து மண்டைய ஒடச்சிகினு கீறாங்க, நீ வேற இங்க வந்து நொய்நொய்னு" என்று கத்தினேன். அதற்கு மேலும் சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவர் உள்ளே போனார். போய்த் தொலைந்தார் என்று நான் மறுபடி தலையை உள்ளே விட்டேன்.

அவர் விட்டுவிட்டுப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் தோளில் ஒரு கட்டையைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். கல்லைத் தூக்கி நிறுத்தும்போது அடியில் கொடுக்கிற கட்டை, பழைய ரயில் பாதைக் கட்டையை அறுத்தது. அதன் நெற்றியில் பட்டையாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. மேலே வைத்த பூ வழியிலேயே விழுந்திருந்தது.

டிரைவர் பதறிப்போனான். "யக்கா, சாமிக்கு வச்சதாச்சே! பூஜ முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் கற்பூரமே ஏத்தல. சாமிய நான் பாத்துக்கறேன். நீ ஒரு கை புடி."

மறுபேச்சுப் பேச முடியாத குரல் அது. இரண்டு பேருமாகக் கட்டையைச் சட்டத்தின்மேல் நிமிர்த்தி, தூக்கி நின்ற ஹாப்பரின் அடியில் வைத்தார்கள். கட்டைக்கும் ஹாப்பருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். நான் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தேன். "ஆச்சா? இப்ப வேலைய பாக்கலாமா?" என்று நக்கலாக வேறு கேட்டேன். அவர் நகரவில்லை.

மறுபடி உள்ளே போனேன். நார் கொத்தாகக் கையில் சிக்கியது. பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். அப்போது காதோரம் பட்டென்று ஏதோ தெறித்தது. முதுகெல்லாம் சூடாக எண்ணெய். என்ன என்று நினைப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. மேலே இருந்த இரும்பு கீழே வந்தது. படார் என்று ஒரு சத்தம், வண்டியே குலுங்கியது. அத்தோடு நின்றது.

ஹாப்பரின் விளிம்பு என் பின்கழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்டது மட்டும்தான். அதன் குளிர்ச்சி எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்தால்கூட கழுத்து அதில் உரசியது. "மச்சான்! மச்சான்!" என்று டிரைவர் அலறுவது எங்கோ தூரத்தில் கேட்டது. என் மகள் முகம் கண்முன் வந்தது, பொய் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் என் காலைப் பிடித்து, மெதுவாக, கழுத்தைச் சாய்க்கச் சொல்லிச் சொல்லி வெளியே இழுத்துப் போட்டார்கள்.

ஜாக்கிக்கு எண்ணெய் கொண்டுபோகிற ஹைட்ராலிக் ஹோஸ் இரும்பு இணைப்போடு பிய்ந்துபோயிருந்தது. கடல் காற்றில் அந்த இணைப்பு துருவேறியிருந்ததை நாங்கள்தான் பூஜைக்காகப் பெயின்ட் அடித்து அழகாக மூடிவைத்திருந்தோம். கட்டையில் குங்குமம் வைத்த இடத்தை இரும்பு ஆழமாகக் கடித்திருந்தது. அங்கிருந்து கீழ்வரைக்கும் விரிசல். ஆனாலும் நின்றது. அதைப் பார்த்ததும் நடுரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். டீக்கடைக்காரர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது.

அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அவ்ளோ பேசினேனேக்கா. நீ பாட்டுக்குப் போயிருக்கலாமே" என்றேன்.

அவர் பாதி செதுக்கிய ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பட்டறையின் உள்பக்கம் ஓர் இடத்தைக் கண்ணால் காட்டினார்.

"எங்க வூட்டுக்காரரு உசுரு அங்கதான் போச்சி. கல்ல செயின்ல தூக்கிட்டு, கட்ட வைக்காம அடியில பூந்து கைய வுட்டாரு. ஒரு நிமிஷ வேலதான், இதுக்கு எதுக்குன்னு. சுத்தி ஆளுங்க நின்னுகினு இருந்தாங்க. இவ்ளோ பெரிய சிற்பி, அவருக்குத் தெரியாததா, நாம இன்னா சொல்றதுன்னு எல்லாரும் கம்முனு இருந்தாங்க."

"நானும்தாம்பா நின்னுகினு இருந்தேன். பாத்துகினேதான் இருந்தேன். நாலு பேர் முன்னால பொண்டாட்டி சொன்னா கோச்சிக்குவாரே, கத்துவாரேன்னு நெனச்சி வாய மூடிகினேன். கத்தியிருக்கட்டுமே. கத்திட்டுப் போயிருக்கட்டுமே."

ஷெட்டிலிருந்து ஆள் வந்து ஹாப்பரைத் தூக்கி நிறுத்திய பிறகு, டிரைவர் அந்தக் கட்டையை உருவித் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்குள் போனான். உளிகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவில் அது இருந்த இடம் காலியாக இருந்தது. விரிசல் விட்ட கட்டையை அங்கேயே வைத்தான். அவர் புதிதாகச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றினார். எண்ணெய் வழியும் சட்டையோடு நாங்களும் நின்று கும்பிட்டோம். கட்டைக்குப் பக்கத்துச் சுவரில் அவர் கணவரின் படம் மாட்டியிருந்தது. நான் சாமியைக் கும்பிட்டேனா, அந்த மனிதரையா, அந்த அம்மாவையா என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஷெட்டில் இப்போது சேஃப்டி ராடைக் கழற்றுவதில்லை. ஆயுதபூஜைக்கு வண்டியில் இருக்கிறபடியேதான் அதற்குப் பொட்டு. சூப்பர்வைசரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்.

ஆனால் நான் மாறியது அதில் இல்லை. வெறும் ஜாக்கியை நம்பி லாரிக்கு அடியில் படுத்திருக்கிறவனையோ, ஆட்டம் கண்ட ஏணியில் ஏறி போர்டு மாட்டுகிறவனையோ வழியில் பார்த்தால், முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் இறங்கிப் போய்ச் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேர் திட்டுகிறார்கள். உனக்கு எதுக்குய்யா, உன் வேலையப் பாரு என்கிறார்கள், சில பேர் அதைவிடக் கேவலமாகவும் பேசுகிறார்கள். அந்தப் பட்டறை அம்மா நின்றதைப் போல நானும் நகராமல் நிற்கிறேன். திட்டுவதற்கு அவன் உயிரோடு இருக்கிறானே, எனக்கு அது போதும்.