மீன்கொத்திக்குத் தண்ணீர்

என் மகளுக்கு நான் ஃபெல்ட் பேனை வாங்கிக் கொடுப்பதில்லை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கிறயோன் போதும் என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையான காரணத்தைக் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால், ஏழு வயதில் செய்ததற்கு இன்னும் வருந்துவதா என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. போருக்குத் தப்பி வெளிநாட்டுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மெண்டின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும். மற்றது அப்பாவின் தமையனுக்கு. பெரியப்பா இளவயதில் புலமைப்பரிசில் கிடைத்துப் பீக்கிங்குக்குப் போனவர். படிக்கப் போனது பொறியியல். படித்து வந்தது, சீனர்கள் பழைய முறையில் பூவும் பறவையும் வரைகிற கலை. அதன்பிறகு என்ன வேலை பார்த்தாலும், விடியற்காலையில் மை அரைத்து ஒரு கிளையோ ஒரு குருவியோ வரைந்துவிட்டுத்தான் புறப்படுவார். கல்யாணம் செய்யவில்லை. ஊரை விட்டு ஓடிவந்தபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு வர, இவர் தூரிகைகளையும் குழாய்க்குள் சுருட்டிய தாள்களையும் கொண்டுவந்தார் என்று அப்பா வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்வார். சிரிப்பதற்காகச் சொல்லும் கதை. பெரியப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

தமையன் பொறியியலாளராகத் திரும்பினால் வீடு நிமிரும் என்று காத்திருந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளை அப்பா. அந்தக் கோபத்தை நேரே காட்ட முடியாமல் பகிடியாகக் காட்டினார்.

சனிக்கிழமைகளில் பெரியப்பா இரண்டு பஸ் மாறி, சீன ஓவியர்கள் கூடும் ஒரு மண்டபத்துக்குப் போவார். அந்த வருடம் அங்கே கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம். அவருடைய படம் அதுவரை எந்தச் சுவரிலும் மாட்டப்பட்டதில்லை, எங்கள் வீட்டுச் சுவர் உட்பட. இம்முறை அவருக்கும் ஓரிடம் ஒதுக்கியிருந்தார்கள். பீக்கிங்கிலிருந்து கொண்டுவந்த தாளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முப்பது வருடம் கிடந்த தாள் மையை வேறு மாதிரிக் குடிக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினார். அம்மா பருப்புக் கழுவியபடி ஓம் ஓம் என்றார்.

மேல் மூலையிலிருந்து வளைந்து இறங்கும் ஒரு தாமரைத் தண்டு. அதிலிருந்து ஒரு மீன்கொத்தி கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே முழுவதும் வெறும் தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் முடித்து, ஹோல் தரையில் விரித்து, நாலு மூலைக்கும் மீன் ரின்களைப் பாரம் வைத்தார். வேலையால் வந்த அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

"என்ன அண்ணை, சீவியம் முழுக்கக் கீறினது ஒரு மீன்கொத்தி. அதுக்கும் தண்ணி விடேல்லையே?"

பெரியப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

மறுநாள் காலை, படத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோவதற்காக அவர் குளிக்கப் போனபோது, பள்ளிக்கூடப் பையிலிருந்து நீல ஃபெல்ட் பேனையை எடுத்து, முழங்கால் ஊன்றி இருந்து, அலைகள் போட்டேன். நிறம் போட்ட இடத்தில் நிற்காமல் பரவியது. தண்ணீர்தானே, பரவட்டும் என்று விட்டேன். பிறகு செம்மஞ்சளில் மூன்று மீன். மூன்றாவதைக் குருவிக்கு எட்டும்படி தண்டுக்குக் கிட்டப் போட்டேன்.

பெரியப்பா துவாயோடு வந்து நின்றார். தலை ஈரம் சொட்டியது. படத்தில் விழாதபடி ஓரடி பின்னால் நகர்ந்தார். இதை நான் பிறகு சேர்த்துக்கொண்டேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை, நகர்ந்தார்.

"ஏன் பிள்ளை?"

"அதுக்குப் பசிக்கும், பெரியப்பா."

"ஓம், பசிக்கும்தான்" என்றார்.

அப்பா எழும்பி வந்து முதலில் திகைத்தார். பிறகு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இப்பதான் அண்ணை, படம் மாதிரிக் கிடக்கு."

அம்மா என் கையிலிருந்த பேனையைப் பிடுங்கி, என்னைக் குசினிக்குள் இழுத்துப் போனார். அங்கிருந்து, பெரியப்பா மண்டபத்துக்காரரோடு தொலைபேசியில் சீனத்தில் பேசுவது கேட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது மன்னிப்புக் கேட்கும் சொல் என்று பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் ஒரு சீனத் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்பா படத்தைச் சட்டம் போட்டுச் சோபாவுக்கு மேலே மாட்டினார். தன் பிள்ளையின் கைவேலை என்று அவருக்கு உண்மையாகவே பெருமை; அதை வெறும் கொடுமை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வந்த அன்ரிமாரும் அங்கிள்மாரும் மீன்களைப் புகழ்ந்தார்கள். எங்களோடு இருந்த மிச்ச இரண்டு வருடமும் பெரியப்பா அந்தப் படத்துக்கு எதிரே இருந்துதான் சாப்பிட்டார்.

அந்த வெறும் தாள்தான் தண்ணீர். வரையாமல் விட்டதால்தான் அங்கே குளம் இருந்தது. ஏன் வெறுமையாக விட்டீர்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கேட்கவில்லை. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, ஒரு மியூசியத்தில், வேறு யாரோ வரைந்த படத்தின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது விளங்கியது. அதைப் போய்ச் சொல்ல அப்போது அவர் உயிரோடு இல்லை.

அவர் எங்களோடு இருந்த அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள், விட்பியிலிருந்து வந்த மாமா, இப்பவும் கீறுகிறீர்களா என்று பெரியப்பாவைக் கேட்டார். நேரமில்லை என்றார். நேரம் இருந்தது. விடியற்காலையில் எழும்பி, கையை மடியில் வைத்தபடி ஜன்னலருகே அவர் சும்மா இருப்பதை நான் கண்டிருக்கிறேன். இனி இந்த வீட்டில் படம் கீறுகிற ஆள் நான்தான், எனக்கு இடம் விட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவருடைய தூரிகைகளைக் கேட்டேன். கழுவித் துடைத்து எல்லாவற்றையும் தந்தார். தனக்கென்று ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளாதது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.