எரிக் துரையின் கல்யாணக் காகிதங்கள்

கல்யாணப் பதிவு ஆபீஸ் குமாஸ்தாவுக்கு, வருஷம் முழுக்கக் கல்யாணம் நடந்தாலும் ஒரு வேளை விருந்துச் சாப்பாடு கிடையாது. சர்க்கார் மேஜைக்கு உள்பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். மகாராஜா காலத்து மைசூரில் அந்த வேலையைப் பார்த்தேன். அயல்தேசத்தார் கல்யாணம் என்றால் காகிதம் இரண்டு மடங்கு. அதிலும் எரிக் துரையை மறக்கவே முடியாது. ஸ்வீடன் தேசத்துக்காரர், பெரிய வீட்டுப் பியானோக்களைப் பழுது பார்ப்பவர். பெண், மிஸ் ஆலிஸ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

ஆட்சேபணை

முதலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று. ஒட்டிய மறுநாளே ஒருவர் வந்து நின்றார். ராமாபுரத்துக்காரர், மார்க்கெட்டில் வெற்றிலை வியாபாரம். நோட்டீஸைப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க" என்றார்.

துரைக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதோ என்று பேனாவை எடுத்தேன்.

"அந்தப் புள்ள அவரைவிட அரை முழம் உசரமுங்க. ரெண்டு பேரும் நடந்து போறதைப் பார்த்தேன். நல்லாவா இருக்குது?"

உயரத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பறம் எதுக்குங்க எங்களையெல்லாம் கேட்டு ஒட்டி வெச்சிருக்கீங்க?"

நாலு வரி

துரைக்கு ஊரில் மனைவி இல்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார் எங்கள் அதிகாரி. அதற்காகத் துரை தம் ஊர்ச் சர்ச்சுக்கு முன்பே எழுதிப் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்த கடிதம் அந்த வாரம்தான் வந்தது. வந்ததோ ஸ்வீடிஷ் மொழியில். மாப்பிள்ளையே மொழிபெயர்த்தால் செல்லாது. இதற்குள் சீமையிலிருந்த பெண்ணின் அப்பா, 'இன்னும் இழுத்தால் அடுத்த கப்பலில் புறப்பட்டு வா' என்று கடிதம் போட்டுவிட்டார். டீச்சரம்மா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள்.

அந்த மொழி தெரிந்த இன்னொருவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தார். ஆற்றங்கரையில் தங்கிப் படம் வரைகிறவர். மிஸ் ஆலிஸைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டவர். வேறு வழியில்லாமல் ரயிலேறிப் போனேன்.

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். நாலே வரி. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு, "நான் மாற்றி எழுதினால் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்று மிரட்டியிருக்கலாம். வாய் வரவில்லை. "தெரியாது சார்" என்றேன்.

தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். துரை கல்யாணமாகாதவர் என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். தெரியாது என்று நீங்கள் உண்மையைச் சொன்னதால்" என்றார்.

இரண்டாவது சாட்சி

கல்யாணத்தன்று, சட்டப்படி சாயங்காலம் ஏழு மணிக்குள் சடங்கு முடிய வேண்டும். இரண்டு சாட்சி வேண்டும். ஒருத்தி பெண்ணின் சிநேகிதி, வந்துவிட்டாள். பெங்களூரிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளைத் தோழர் ரயிலைத் தவறவிட்டார். ஆறே முக்கால். அதிகாரி கடிகாரத்தைப் பார்க்கிறார், துரை வாசலைப் பார்க்கிறார். நான் தெருவுக்கு ஓடி, அவர்களை ஏற்றி வந்த ஜட்கா வண்டிக்காரர் மாதப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

உறுதிமொழி முடிந்தது. மாதப்பா கன்னடத்தில் எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். மிஸ் ஆலிஸ் அவருக்கும் எனக்கும் கை கொடுத்தாள். எல்லோருக்கும் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. மாதப்பா மட்டும் கவலையோடு என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "ஸ்வாமி, நாளைக்கு இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா, என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுவீங்களா?"

ஊர் உலகத்தார் கல்யாணத்துக்கெல்லாம் காகிதம் கேட்ட எனக்கு, என் கல்யாணத்துக்கென்று ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆனாலும் என் வீட்டுக்காரி இன்றுவரை அதைச் செல்லாது என்று சொன்னதில்லை.