பட்டா என்று வைத்திருந்த காகிதம்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு காகிதம் இருந்தது. முழுக்க ஆங்கிலம், கீழே அரசாங்க முத்திரை. வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. முத்திரை இருந்ததால் அது பட்டா என்று முடிவாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, கடப்பாரையோடு அதையும் வைத்து அம்மா குங்குமம் இடுவார். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு வந்தால், "வெள்ளக்காரன் குடுத்த பட்டா எங்ககிட்ட இருக்குது" என்று சொல்லி அப்பா அவர் வாயை அடைத்துவிடுவார்.

எட்டாம் வகுப்பில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நிலம் என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டாம் உலகப்போரில் அசாம் பக்கம் ராணுவத்துக்குச் சாலை போடப்போன தொழிலாளர் படையில் அப்பாவின் தாத்தா இருந்தார், வேலை முடிந்து விடுவிக்கப்பட்டார் என்பதற்கான சான்று அது. அவர் பெயர், உயரம், இடது காதுக்குக் கீழே தழும்பு, நடத்தை நல்லது. மடித்து வைத்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததற்குப் பலனாக, பட்டா இல்லை என்ற சேதியையா கொண்டுபோய்க் கொடுப்பது? பயம்தான், வேறொன்றுமில்லை.

இப்போது மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருக்கிறேன். மாவட்டத்தின் போர் வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி ஏடாக்க அருங்காட்சியகம் ஒரு குழு அமைத்தபோது என்னையும் சேர்த்தார்கள். வரைவு ஏட்டில் மாடு மீட்டுச் செத்தவர்களின் நடுகற்கள் இருந்தன, கோட்டை இருந்தது, பீரங்கிக் குண்டு இருந்தது. உலகப்போர்ப் பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர் படமும் இரண்டு பதக்கங்களும். மண் சுமக்கப் போனவர்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றேன்.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிரித்தார். "மம்முட்டி புடிச்சவனெல்லாம் போர் வீரனா தம்பி? நாம பாடம் எழுதறமா, நூறு நாள் வேலைக்கு ஆள் எடுக்கறமா?"

மற்றவர்களும் சிரித்தார்கள். பாறையை உடைத்து வழி போடாமல் பீரங்கி எப்படிப் போயிருக்கும் ஐயா என்று கேட்டேன். அருங்காட்சியக அலுவலர் அம்மா மட்டும், ஆதாரம் இருந்தால் பக்கம் தருகிறேன், மூலக் காகிதமும் குடும்பத்தின் சம்மதமும் வேண்டும் என்றார்.

ஆதாரம் பெட்டியில் இருந்தது. ஏட்டில் போட்டால், அது பட்டா இல்லை என்று ஊருக்கே தெரியும்.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். அம்மாதான் முதலில் பேசினார்: "அப்ப இத்தன வருசமா நான் ரோடு போட்டதுக்கா பொட்டு வெச்சேன்?" அப்பா சிரிக்கவில்லை. எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுவிட்டு வந்து, படிக்கச் சொன்னார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தழும்பு வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை மறுபடி படிக்கச் சொன்னார்.

"போடு. ஆனா பட்டான்னு நெனச்சு வெச்சிருந்தோம், படிக்கத் தெரியாதுன்னும் சேத்து எழுதோணும். பொய் சொல்லித் திரிஞ்சோம்னு ஒருத்தனும் பேசக் கூடாது."

அந்த வாரமே அருங்காட்சியகத்துக்கு அவரே வந்து, சம்மதப் படிவத்தில் கட்டைவிரலை உருட்டினார்.

சேதி ஊருக்குள் வர நாளாகவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று, பட்டா எங்கீங்க என்று கேட்டாராம். அப்பா சொன்ன பதிலை அந்தக் காட்டுக்காரரே வந்து என்னிடம் சொல்லிப் போனார்: "எங்களது பட்டா இல்லீங்க, படிச்சுப் பாத்துட்டோம். உங்க வூட்டுக் காகிதத்தையும் பையன்கிட்ட குடுங்க, அது என்னன்னு பாத்துச் சொல்லுவான்." நிலத்துக்குத் தனியாக மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது வேறு சண்டை.

பிறகு அச்சுக்குப் போகும் பிரதி வந்தது. எங்கள் பக்கம் 'பிற செய்திகள்' என்ற தலைப்பில் ஏட்டின் கடைசியில் கிடந்தது. பட்டா என்று நினைத்து வைத்திருந்தோம் என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. வரைவைத் திருத்திய தலைமையாசிரியரைப் போனில் அழைத்தேன். பிள்ளைகள் சிரிக்கும், உங்கள் குடும்ப மானத்துக்காகத்தான் எடுத்தேன் தம்பி என்றார். சிரிப்பை எல்லாம் அப்பா ஏற்கெனவே வாங்கிக்கொண்டாயிற்று. அதன் பிறகு அவர் மானத்தைக் காப்பாற்ற இவர் யார்?

அலுவலர் அம்மாவிடமும் போனில் பேசினேன். அந்த வரி இல்லையென்றால் காகிதத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள், சம்மதத்தையும் கிழித்துவிடுங்கள் என்றேன். அப்பா சம்மதித்தது அந்த வரிக்கும் சேர்த்துத்தான். அலுவலர் யோசித்துவிட்டு, வரி இருக்கட்டும், தலைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடுங்களேன் என்றார்.

"தலைப்பும் மாறணுங்க மேடம். உலகப்போர்ப் பக்கத்துக்குப் பக்கத்துலயே வரணும். 'போருக்குச் சென்றவர்கள்'னு."

நான் போனை வைப்பதாக இல்லை. மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"மெதுவா சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

மெதுவாகச் சொன்னேன்.