பெருசு என்று பெயர் வைத்தவன் நான்

சந்தனம் அண்ணை போய்விட்டார்... காலையில் ஜெயபுரத்திலிருந்து போன் வந்தது. மாரடைப்பாம்.

உடனே சின்னதாக ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். முதல் கொமன்ட்டே "ஐயோ, எங்கட பெருசா?" என்று. பிறகு வந்தவர்களும் பெருசு, பெருசு என்றே எழுதினார்கள். செத்த அன்றைக்குக்கூட அந்த மனுசனுக்குச் சொந்தப் பெயர் இல்லை.

அந்தப் பெயரை வைத்தவன் நான். அதனால் இதை எழுதத்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு... கிளிநொச்சியில் ஒரு கொம்பியூட்டர் திருத்தும் கடையில் நானும் அவரும் ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். பழைய டெஸ்க்டொப் எல்லாம் அவருடைய பக்கம். குண்டு மொனிட்டர், மஞ்சள் பிடித்த சிபியு, பட்டையான ரிப்பன் கேபிள்... மற்றக் கடைக்காரர் கை கழுவி விட்டவை.

ஹார்ட் டிஸ்க் வேலை செய்யவில்லை என்று வந்தால், செத்துப்போச்சு என்று லேசில் சொல்ல மாட்டார். ஸ்குரூ டிரைவர் நுனியை டிஸ்க்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். சுத்துதா, தட்டுதா... பிறகு பவர் வயர், கேபிள், ஜம்பர், போர்ட்டில் இருக்கிற சின்ன பற்றரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். எனக்குப் பார்க்கவே விசர் வரும்.

ஒருமுறை நெடுங்கேணியிலிருந்து ஒரு தையல் ரீச்சர் வந்தா. சிபியுவை பெட்ஷீட்டில் சுத்தி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு கடையில் டிஸ்க் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம்.

இவர் கழற்றிப் பார்த்தால் பவர் சொக்கெட்டுக்குள் எறும்புக் கூடு. பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பூட்டினார், ஓடியது. "எறும்புக்கும் ஒரு வீடு வேணும்ல டீச்சர்" என்றார். அந்த அக்கா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றா.

மலையகத்திலிருந்து வந்து ஜெயபுரத்தில் குடியேறிய குடும்பம் அவருடையது. பேச்சு எங்கள் பேச்சு இல்லை. வயதான ஆட்களைச் சொல்வதுபோலப் பழைய டிஸ்க்கைப் பெருசு என்பார், புதுசைச் சிறுசு என்பார். "பெருசுக்கு மூச்சு வாங்குது தம்பி, உள்ள இருக்கிறத சீக்கிரம் எறக்கிடணும்..."

இனி, உங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பகிடி.

அக்கராயன் பக்கமிருந்து ஒரு கமக்காரர் அமைப்பின் கொம்பியூட்டர் வந்தது. டிஸ்க் டிக் டிக் என்று தட்டியது. குளத்துக்குக் கீழே யாருக்கு எத்தனை ஏக்கர் வயல், எந்த வாய்க்கால்... அந்த விவரம் முழுக்க அதற்குள் மட்டும்தான். இடப்பெயர்வில் பேப்பர்கள் போனதால், வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தது.

சந்தனம் அண்ணை அரை நாள் மினக்கெட்டு அதை ஓட வைத்தார். பக்கத்தில் புது டிஸ்க்கைப் பூட்டினார். பெருசிலிருந்து சிறுசுக்கு காப்பி போடச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் மாறிப் போட்டேன். வெறும் புது டிஸ்க்கைப் பழையதற்கு மேலே... எல்லாம் அழிந்தது. பழைய டிஸ்க் அதோடு நின்றும் போனது.

முதலாளி கேட்டபோது நான் சொன்ன பதில்தான் பிறகு ஊரெல்லாம் போனது. "அவர் பெருசு எண்டு சொன்னவர் அண்ணை. நான் பெரிய டிஸ்க் எண்டு நினைச்சன். புதுசுதானே எண்பது ஜீபி. அவற்ற கதை எனக்கு விளங்கேல்லை."

சந்தனம் அண்ணை நின்றுபோன டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, "நான்தான் ஒழுங்கா சொல்லல மொதலாளி. தம்பிக்கு நம்ம பேச்சு வெளங்கல" என்றார்.

அதை நான் அவருடைய குரலிலேயே நடித்துக் காட்டத் தொடங்கினேன். தேத்தண்ணிக் கடை, கலியாண வீடு, பிறகு இந்த முகநூல்... நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பெயரும் ஒட்டிக்கொண்டது.

நான் சொன்னது பொய்.

அப்போது நான் கடையில் சேர்ந்து மூன்று மாதம். பெருசு என்றால் எது, சிறுசு என்றால் எது, எனக்கு நன்றாகத் தெரியும். போனில் மச்சானோடு மேட்ச் கதைத்துக்கொண்டு, ஸ்கிரீனைப் பார்க்காமல் பட்டனை அமத்தினேன். இந்த டிஸ்க் அழியப்போகிறது, சரியா என்று அது கேட்டது. அதற்கும் ஓம் கொடுத்தேன்.

ஞாயிறு ஞாயிறாக அவர்தான் சைக்கிளில் அக்கராயன் போனார். வீடு வீடாகக் கேட்டு எழுதி, திரும்ப டைப் பண்ணிக் கொடுத்தார். சில வாசல்களில் நிற்க வைத்து ஏசினார்களாம். மலையக ஆட்களைச் சொல்லும் அந்தக் கேவலமான சொல்லும் விழுந்ததாம். நான் அந்த ஞாயிறுகளில் கிரிக்கெட் விளையாடினேன்.

பிறகு கடையில் அவர் பேச்சு எங்கள் பேச்சாக மாறிவிட்டது. ஓம், எண்டு, பழைய டிஸ்க், புது டிஸ்க்... ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துக் கதைப்பார். அதையும் நாங்கள் பகிடி பண்ணினோம்.

இன்றைக்குச் செத்த வீட்டுக்குப் போனேன். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. என்னை அடையாளம் தெரிந்தது.

"அப்பா உங்களைப் பற்றி ஒரு பிழையும் சொன்னதில்லை அண்ணா. 'என்ர கதையால ஒரு ஊரே கஷ்டப்பட்டது, நீங்கள் வெளியில எங்கட பேச்சுக் கதைக்காதேங்கோ' எண்டு எங்களைத்தான் ஏசுவார்."

அச்சு அசல் எங்கள் தமிழ். அவருடைய சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன். அங்கேயும் உண்மையைச் சொல்லாமல் எழும்பி வந்தேன். வெட்கமாக இருக்கிறது... இதை இப்படி எழுதுவதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தயவுசெய்து இந்தப் பதிவுக்குக் கீழே அந்தப் பெயரை யாரும் எழுதாதீர்கள்.

தங்கச்சி, நீங்கள் இதை வாசிக்க வேண்டும். அப்பா ஒழுங்காகத்தான் சொன்னவர்.

போயிட்டு வாங்கோ, சந்தனம் அண்ணை. உங்கட பேச்சு எனக்கு வடிவா விளங்கினது.