சாது என்று பெயரெடுத்த பெண்

அணுபுரத்தில் எங்கள் குடியிருப்பில் என் மகன் வாலு, மகள் சாது என்று பெயர். பையனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டி குறைபாடு இருக்குமோ என்று பயந்து, இருவரையும் செங்கல்பட்டில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

அவனோடு வெகுநேரம் பேசிவிட்டு, "இவன் சுபாவமே துறுதுறுப்புதாம்மா. எடுத்த வேலைய முடிச்சிடறான்ல?" என்றார். பிறகு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த மகளைக் காட்டி, "பாப்பாவையும் ஒருநாள் பார்க்கணும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வயதுவரை ஒரு திட்டுகூட வாங்காத பெண். நான் போகவில்லை.

அடுத்த மாதம் ஒரு மாலை, பாலைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். திரும்பியபோது வீடு இருட்டியிருந்தது. லைட் சுவிட்சில் விரலை வைத்த பிறகுதான் கேஸ் நாற்றம் மூக்கில் ஏறியது. கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் சீறிக்கொண்டிருந்தது. ஓரடி தள்ளி, ஜன்னலையே பார்த்தபடி அவள் நின்றிருந்தாள். நான் கேஸை மூடிய பிறகு நிதானமாகத் திரும்பினாள்.

"பால் வெச்சிருக்கியாம்மா?"

இப்போது அவளைத்தான் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போகிறேன். மகன் போடும் சத்தத்துக்கு நான் எழுவதில்லை. மகள் இருக்கும் அறையில் சத்தமே இல்லையென்றால், போட்டது போட்டபடி எழுந்து ஓடுகிறேன்.